கட்டிலைத் திருப்பியவர்

எங்கள் ஊரில் தெருக்கள் நான்கே இருந்தன. அந்த நான்கிற்கும் திசைகளே பெயராக அமைந்திருந்தன. நாகமலைக்கும் ஆண்டிபட்டிக் கணவாய்க்கும் இடைப்பட்ட மானாவாரிப் பிரதேசத்தில், கம்பும் குதிரைவாலியும் பருத்தியும் விளைந்த அந்தச் சிற்றூரின் மேலத் தெருவில், என் தகப்பனாரைப் பெற்ற அப்பத்தாவின் வீட்டில், எட்டு வயது வரையில் நான் வளர்ந்தேன். மதுரையில் ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த என் தகப்பனார், குடும்பத்தை அழைத்துக்கொள்ளும் அளவுக்கு வருமானம் வரட்டும் என்று காத்திருந்த காலம் அது.

அப்பத்தா எனக்கு ஏவிய வேலைகள் இன்றும் காதில் ஒலிக்கின்றன. "செம்பைக் கொஞ்சம் வடக்கே தள்ளி வைப்பா" என்பாள். "குதிருக்குக் கிழக்கே முறம் கிடக்கும், எடுத்தா" என்பாள். பாயை விரிக்கும்போது "இன்னும் தெக்காம இழு" என்பாள். இடம், வலம் என்ற பேதம் அவளுக்குத் தெரியாததன்று. உண்ணும் கைக்குச் சோற்றுக்கை என்றும் மற்றதற்குப் பீச்சாங்கை என்றும் பெயர். நுகத்தில் பூட்டிய காளைகளில் ஒன்று இடத்து மாடு, மற்றது வலத்து மாடு. உடம்போடு ஒட்டிய காரியங்களுக்கும், ஏரும் வண்டியுமாக உடம்பின் நீட்சிபோல் கூடவே நகர்கிறவற்றுக்கும் அந்தச் சொற்கள் பயன்பட்டன. ஆனால் தரையில் கிடக்கும் ஒரு பொருளைச் சொல்ல வேண்டுமானால், அது கைக்குள் அடங்கும் செம்பாயினும் காததூரத்தில் தெரியும் கரடாயினும், திசையைக் கொண்டே சொல்வாள். சிமினி விளக்கை அணைத்த பிறகும், "அடுப்புக்கு மேற்கே தண்ணிப்பானை" என்று அவள் சொன்ன மாத்திரத்தில், இருட்டில் கால் தடுமாறாமல் நான் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து படுத்துக்கொள்வேன். அதை ஒரு வித்தை என்று அப்போது யாரும் நினைக்கவில்லை. மூச்சுவிடுவதைப்போல அது நடந்துகொண்டிருந்தது.

1947-ஆம் ஆண்டில் மதுரைக்கு வந்து பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். எங்கள் வகுப்பறையின் தெற்குச் சுவரில் துணி ஒட்டிய தேசப்படம் ஒன்று தொங்கியது. வாத்தியார் பிரம்பின் நுனியால் அதைத் தொட்டு, "மேலே இமயமலை, கீழே குமரிமுனை" என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, புதிதாக வந்திருந்த என்னை எழுப்பி, "வடக்கு எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். நான் திரும்பி நின்று, என் முதுகுக்குப் பின்னால் இருந்த ஜன்னலைக் காட்டினேன்; அந்த ஜன்னலுக்கு அப்பால்தான் வைகை ஓடிக்கொண்டிருந்தது. பையன்கள் சிரித்தார்கள். வாத்தியார் நல்லவர், அவர் சிரிக்கவில்லை. "படத்தில் காட்டப்பா, வடக்கு மேலே இருக்கும்" என்று பொறுமையாகச் சொன்னார். மேலே என்றால் மேலத் தெரு, மேலக் காடு, சூரியன் போய் விழுகிற மலை என்று அறிந்திருந்த எனக்கு, அந்த வாக்கியம் விளங்கவேயில்லை. பிரம்பு காட்டிய இடத்தை நானும் தொட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி என் ஆயுளில் எத்தனையோ நாட்கள் யோசித்திருக்கிறேன். கிழக்கு என்ற சொல்லுக்குள் கீழ் இருக்கிறது. மேற்கு என்ற சொல்லுக்குள் மேல் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்த மழை, வருஷநாட்டு மலைகளில் சிற்றோடைகளாக இறங்கி, வைகையாகத் திரண்டு, மதுரையைக் கடந்து, இராமநாதபுரத்துக் கண்மாய்களை நிரப்பி, கடலை நோக்கிச் சரிகிற பூமி இது. தண்ணீர் வருகிற பக்கம் மேல், தண்ணீர் போகிற பக்கம் கீழ் என்று, நிலத்தின் சாய்மானத்தையே திசைக்குப் பெயராக வைத்தவர்கள் நம் முன்னோர். மலையாள நாட்டிலோ மலை கிழக்கே நிற்கிறது, கடல் மேற்கே கிடக்கிறது. ஆயினும் அங்கும் கிழக்கு என்றே சொல்கிறார்கள். 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், இந்தச் சொல் மலைக்கு இப்பாலிருந்தே அங்கே போயிருக்க வேண்டும் என்பதற்கு இதனை ஓர் ஆதாரமாகக் காட்டினார். சொற்களின் வழியே ஒரு தேசப்படம் எழுதுவதென்றால், தமிழனுடைய படத்தில் மலை தலைமாட்டிலும் கடல் கால்மாட்டிலும் அல்லவா இருக்க வேண்டும்? வடக்கை உச்சியில் வைப்பது இயற்கையின் விதி என்று நான் வெகு காலம் நம்பியிருந்தேன். 1154-இல் சிசிலித் தீவின் அரசன் இரண்டாம் ரோஜருக்காக அல் இத்ரீசி என்னும் அரபு அறிஞர் எழுதிய உலகப்படத்தில் தெற்கு உச்சியில் இருக்கிறது என்றும், இங்கிலாந்தில் ஹியர்ஃபோர்டு தேவாலயத்தில் உள்ள, 1300-ஐ ஒட்டி வரையப்பட்ட படத்தில் கிழக்கு உச்சியிலும் ஜெருசலேம் நடுவிலும் இருக்கின்றன என்றும் பிற்காலத்தில் படித்தபோதுதான், ஒவ்வொரு சமூகமும் தான் எதை முதன்மையாகக் கருதியதோ அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டது என்பது எனக்குப் புலப்பட்டது.

பள்ளிக்கூடம் முடிந்து, நில அளவைப் பயிற்சி பெற்று, 1961-இல் நான் உத்தியோகத்தில் அமர்ந்தேன். அறுபத்தாறு அடி நீளமும் நூறு லிங்குகளும் கொண்ட சங்கிலி, கொடி கட்டிய கம்புகள், செங்கோணம் பார்க்கும் கிராஸ் ஸ்டாஃப், மைல் ஒன்றுக்குப் பதினாறு அங்குலம் என்ற அளவில் எழுதிய கிராமப்படம், ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் தனித்தனியே உள்ள புலப்படம் ஆகியவையே என் ஆஸ்தி. பயிற்சியின்போது எங்களுக்குச் சொல்லப்படாமலே ஏறிவிட்ட ஓர் அபிப்பிராயம் உண்டு: கிராமத்தாருக்குப் படம் விளங்காது, அளந்து கல்லைக் காட்டினால்தான் விளங்கும் என்பது அது. என் முதல் வருஷத்திலேயே அந்த அபிப்பிராயம் உடைந்த சந்தர்ப்பத்தைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

உசிலம்பட்டிக்குத் தெற்கே ஒரு புஞ்சை வரப்பைப் பற்றிப் பங்காளிகள் இருவருக்குள் தகராறு. இரண்டு நிலங்களும் ஓடைக்கரையில் சந்திக்கிற முனையில் இருந்த எல்லைக்கல்லைக் காணோம். ஒருவன் பிடுங்கிவிட்டான் என்று மற்றவனும், கல்லே நாட்டப்படவில்லை என்று அவனும் சொன்னார்கள். இரு பக்கத்துப் பெண்களும் ஒரு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. சாவடியில் ஒரு கயிற்றுக் கட்டிலைப் போட்டு என்னை உட்காரவைத்தார்கள். நான் வடக்குச் சுவரோரமாக, தெற்கு முகமாக அமர்ந்து, எழுத்துகளை வாசிப்பதற்கு வாகாகக் கிராமப்படத்தை என் முன்னே விரித்து வைத்தேன். ஊர்த் தலையாரியாகிய எழுபது வயதுக் கிழவரை அழைத்து, "பெரியவரே, கல் இருந்த இடம் உமக்கு ஞாபகம் இருக்கிறதா? இதில் பாரும்" என்றேன்.

அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். அவருடைய பார்வை படத்தில் எங்கும் ஊன்றவில்லை; கடுதாசியையும் வாசலையும் மாறிமாறிப் பார்த்தார். இவருக்கு எழுத்துத் தெரியாது, ஆகையால் படமும் தெரியாது என்று நான் முடிவு செய்துகொண்டிருக்கையில், "ஐயா, இதுல கிழக்கு எங்கிட்டு இருக்கு?" என்று கேட்டார். படத்தின் வலது ஓரத்தைத் தொட்டுக் காட்டினேன். அவர் முகத்தில் வருத்தம் தோய்ந்த ஒரு மரியாதை தோன்றியது. "அங்கிட்டு மேக்குங்கய்யா" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள், பக்கத்தில் நின்ற பையனைக் கூப்பிட்டு, "நீ அந்தக் காலைப் பிடிப்பா" என்றார். என்னை எழுந்திருக்கும்படி வேண்டிக்கொண்டு, இருவரும் படத்தோடு கட்டிலைத் தூக்கி, அரைவட்டம் திருப்பி வைத்தார்கள். படத்தின் வடக்கு இப்போது வடக்கே இருந்தது. கிழவர் குந்தி உட்கார்ந்து, ஒரு விரலை நீட்டி, தயக்கமே இல்லாமல் சொல்லிக்கொண்டு போனார்: "இது ஊருணி. இது அய்யனார் கோயிலு. இது மந்தை. இந்தா, இதுதான் ஓடை." சற்று நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இப்ப ஓடை இப்படிப் போகலைங்க. ஒரு பெருவெள்ளத்துல தெக்காம ஒதுங்கிப்போச்சு. இது பழைய ஓடை" என்றார். அவர் சொன்ன அத்தனையும் சரியாக இருந்தது. பல வருஷங்களுக்கு முன் யாரோ ஒருவர் எழுதிய படத்துக்கும் நிகழ்காலத்துப் பூமிக்கும் இடையில் இருந்த வித்தியாசத்தை, எழுத்தறியாத அந்த மனிதர் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டார். எனக்கோ, எழுத்துகள் தலைகீழாகிவிட்டபடியால், ஊருணி எது, மந்தை எது என்று தேட வேண்டியிருந்தது. கட்டிலைச் சுற்றிக்கொண்டு அவர் பக்கம் போய் உட்கார்ந்த பிறகே என்னால் படத்தை வாசிக்க முடிந்தது.

பிறகு எல்லோரும் புஞ்சைக்குப் போனோம். நான் இருப்பிலிருந்த இரண்டு கற்களிலிருந்து சங்கிலி பிடித்து அளந்துகொண்டு வந்தேன். கிழவர் தம் போக்கில், கரட்டின் உச்சியும் அய்யனார் கோயில் புளியமரமும் ஒன்றன்பின் ஒன்றாக நேர்படுகிற இடத்தில் நின்று, அங்கிருந்து சனி மூலையைப் பார்த்துக் காலடி எண்ணி நடந்து, பழைய ஓடையின் மேடு தட்டுப்பட்ட இடத்தில் நின்றார். "கல்லு எங்கயும் போகலை, மண்ணுதான் ஏறியிருக்கு" என்று சொல்லிக் கடப்பாரையை ஊன்றினார். என் சங்கிலி காட்டிய இடம் அவர் ஊன்றிய இடத்துக்கு இரண்டு லிங்க் தள்ளி, அதாவது ஏறத்தாழ ஒன்றேகால் அடி தள்ளி, இருந்தது. முழங்கால் ஆழம் தோண்டியதும் கல் கிடைத்தது. யாரும் பிடுங்கவில்லை, நாட்டாமலும் விடவில்லை. வெள்ளம் கொண்டுவந்த வண்டல் அதை மூடியிருந்தது. பங்காளிகள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அன்று முதல் நான் எந்த ஊருக்குப் போனாலும், படத்தை விரிப்பதற்கு முன் திசை பார்த்து விரிக்கும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். அப்படி விரித்த பிறகு படம் விளங்காத குடியானவனை நான் கண்டது அபூர்வம். பெண்களும் அப்படியே, களை எடுக்கப் போகிறவர்களும் விறகு பொறுக்கப் போகிறவர்களும் வேலி ஓரமாக நின்றபடியே எட்டிப் பார்த்து, கிணறு எழுதிய இடம் பிசகு என்று சொல்லியிருக்கிறார்கள்.

கிரயப் பத்திரங்களில் வருகிற நான்கெல்லை விவரத்தையும் அதற்குப் பிறகே நான் நன்றாக உணர்ந்தேன். இன்னான் புஞ்சைக்கு மேற்கு, வண்டிப்பாதைக்கு வடக்கு, இன்னான் தோட்டத்துக்குக் கிழக்கு, ஓடைக்குத் தெற்கு என்று எழுதி, இந்நான்கெல்லைக்கு உட்பட்ட நிலம் என்பார்கள். பட்டணத்துப் பிள்ளைகள் இதைப் படிக்கையில், மேற்கே இன்னான் புஞ்சை இருக்கிறது என்று நேர்மாறாகப் பொருள் கொண்டு மயங்குவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்த வாசகம் அண்டை நிலத்தில் நின்றுகொண்டு நம் நிலத்தைப் பார்க்கிறது. நான்கு அண்டைக்காரர்களும் நான்கு புறத்தில் நின்று, இதற்கு இப்பால்தான் உன்னுடையது என்று சாட்சி சொல்வதுபோல் அது அமைந்திருக்கிறது. நிலத்தின் சொந்தக்காரன் நடுவில் நின்று சுற்றிலும் பார்க்கிற பார்வை அதில் இல்லை. ஒரு வாக்கியத்தின் அமைப்பிலேயே ஒரு சமூகத்தின் மனப்பாங்கு எப்படிப் படிந்து கிடக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சோழர் காலத்துச் செப்பேடுகளில் ஒரு சம்பிரதாயம் கூறப்படுகிறது. ஓர் ஊரைத் தானமாக அளிக்கும்போது, அதிகாரிகளும் ஊராரும் கூடி, ஒரு பெண் யானையை நடத்தி, அதன் பின்னே எல்லையைச் சுற்றிவந்து, கல்லும் கள்ளியும் நட்டு, கீழெல்லை, தென்னெல்லை, மேலெல்லை, வடவெல்லை என்று வாய்க்காலையும் வரப்பையும் மரத்தையும் சொல்லி எழுதுவார்கள். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்த லெய்டன் செப்பேட்டிலும் இது காணப்படுகிறது. கோட்டினால் வரைந்த படம் அதில் கிடையாது. நடந்தவர்களின் காலும், கேட்டவர்களின் காதும், எழுதியவனின் உளியுமே அந்தப் படம். ராஜராஜன் நிலத்தை வேலியின் மிக நுண்ணிய பின்னங்கள் வரையில் அளந்தவன். அளவை அறியாத காலம் என்று அதைச் சொல்ல முடியாது.

அதே ராஜராஜன் எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிலில் 1808-இல் நடந்த ஒரு நிகழ்ச்சி, இதனோடு சேர்ந்தே என் நினைவுக்கு வரும். 1802 ஏப்ரல் மாதத்தில், சென்னையில் பரங்கிமலையை ஒட்டி ஏறத்தாழ 7½ மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளந்து, இந்தியாவின் மகா திரிகோண அளவையைத் தொடங்கியவர் வில்லியம் லாம்டன். காவிரிச் சமவெளியில் தென்னையும் பனையும் பார்வையை மறைத்தபடியால், கோயிற் கோபுரங்களின் உச்சியிலிருந்து கோணம் பார்க்க வேண்டியதாயிற்று. அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைத் தஞ்சையில் மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கிவிட்டது. லாம்டன் மனம் தளராமல், பல வாரங்கள் உழைத்துத் தம் கையாலேயே அதைச் செப்பனிட்டார். அந்த மனிதரின் விடாமுயற்சியை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு வணங்குகிறது. நான் பிடித்த சங்கிலி அவர் பிடித்த சங்கிலியின் வம்சத்தைச் சேர்ந்ததே. ஆயினும் யானையின் பின்னே நடந்து அறிந்த பூமியும், உச்சியில் ஏறி நின்று கண்ணாடியின் வழியே அறிந்த பூமியும் ஒரே பூமியின் இரு ஞானங்கள் என்பதையும், இரண்டாவதைக் கற்ற நாங்கள் முதலாவதை ஞானம் என்றே மதிக்கவில்லை என்பதையும் நான் வருத்தத்தோடு சொல்லத்தான் வேண்டும்.

ஓய்வு பெற்றுச் சென்னையில் குடியேறிய பின், கல்லூரியில் மொழியியல் போதித்த நண்பர் ஒருவர் ஒருநாள் தம் வீட்டு மேஜையில் பசு, குதிரை, யானை ஆகிய மூன்று பொம்மைகளை வரிசையாக வைத்து, நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பிறகு என்னை முதுகுப்புறமாகத் திரும்பச் சொல்லி, அங்கிருந்த வேறொரு மேஜையில் அதே மாதிரி அடுக்கும்படி பொம்மைகளைக் கொடுத்தார். யானை என் வலக்கைப் பக்கம் இருந்ததாக நினைவு. வலக்கைப் பக்கமே வைத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல், நெதர்லாந்து தேசத்து நைமேகன் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிலையத்தார் 1990-களில் பல தேசத்து மக்களிடையே நடத்திய சோதனைகளைப் பற்றிச் சொன்னார். அவர்களுள் ஒருவராகிய எரிக் பீடர்சன், மதுரைப் பக்கத்துக் கிராமங்களிலும் இந்தச் சோதனையைச் செய்திருக்கிறார். திசை சொல்லிப் பேசும் கிராமத்துத் தமிழர்கள் திரும்பி நின்ற பிறகும் திசை மாறாமல் அடுக்கினார்கள். இடம் வலம் சொல்லிப் பேசும் நகரத்துத் தமிழர்கள் கைப்பக்கம் பார்த்து அடுக்கினார்கள். ஆஸ்திரேலியாவில் கூகு யிமித்திர் மொழி பேசும் ஆதிக்குடிகளும் முன்னவர்களைப் போன்றவர்களே. 1770-இல் கங்காரு என்ற சொல்லைக் கேப்டன் குக்கின் குழுவினர் கேட்டு எழுதிக்கொண்டது அந்த மொழியிலிருந்துதான். இதற்குக் காரணம் மொழியன்று, சுற்றுப்புறமே என்று 2002-இல் பெகி லீயும் லைலா கிளைட்மனும் மறுத்து எழுதினார்கள் என்றும் நண்பர் பின்னொரு நாள் சொன்னார். மொழியா, மண்ணா என்று அவர்கள் வாதாடட்டும். திசை தெரியாமல் ஒருநாள் பிழைப்பும் நடக்காத வாழ்வில் இரண்டும் பிரிந்து நிற்பதை நான் பார்த்ததில்லை.

என் மனத்தை வருத்தியது வேறொன்று. வீட்டுக்கு வந்து என் மனைவிக்கு அதே சோதனையை வைத்தேன். பொம்மைக்குப் பதில் வெற்றிலைப் பெட்டி, செம்பு, விசிறி. எங்கள் ஊருக்கு அடுத்த ஊரில் பிறந்து, முப்பது வருஷங்களுக்கு மேல் என்னோடு நகரங்களில் வாழ்ந்தவள் அவள். நான் திரும்பச் சொன்னதும் திரும்பி, கொஞ்சமும் யோசியாமல், கிழக்கே இருந்த செம்பைக் கிழக்கேயே வைத்தாள். தீபாவளிக்கு வந்திருந்த மகன் கைப்பக்கம் பார்த்து வைத்தான். அவன் பட்டணத்தில் பிறந்தவன். அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? நானோ அப்பத்தாவின் வீட்டில் வளர்ந்தவன், ஆயுளெல்லாம் திசை பார்த்தே ஜீவனம் செய்தவன். தென்சுவரில் தொங்கிய படத்தின் உச்சியைத் தொட்டுவிட்டு உட்கார்ந்த அந்தச் சிறுவன் அன்று எதை விட்டுக்கொடுத்தான் என்பது, அறுபது வயதுக்குமேல் அந்த மேஜையின் முன்னால்தான் எனக்குத் தெரிந்தது.

சென்ற வருஷம் என் பேரன், எங்கள் பழைய ஊரைப் பார்க்க நண்பர்களோடு போகிறேன் என்று சொல்லி, வீடு இருந்த இடத்துக்கு ஒரு படம் எழுதித் தரும்படி கேட்டான். கைபேசியில் சாலை வரைக்கும் வழி இருக்கிறதாம். அதற்கப்பால் ஒன்றும் இல்லையாம். நான் ஒரு பெரிய தாளை எடுத்து, மலையைத் தலைமாட்டில் எழுதினேன். அதிலிருந்து ஓடையை இறக்கி, நடுவில் கண்மாயை எழுதி, அதற்கு மேலே மேலத் தெருவையும் கீழே கீழத் தெருவையும், பக்கவாட்டில் மற்ற இரண்டையும் எழுதினேன். வடக்கு வலப்பக்க ஓரத்தில் இருந்தது. பேரன் அதைக் கையில் வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுப்படியிலிருந்து வந்த என் மனைவி, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அவனிடமிருந்து தாளை வாங்கினாள். கூடத்துத் தரையில் அதை மேற்கு பார்க்க விரித்து, சற்று நேரம் குனிந்து பார்த்தாள். பிறகு கிணற்றுக்காக நான் போட்டிருந்த வட்டத்தின் மேல் விரலை வைத்து, "இது இன்னும் கொஞ்சம் வடக்கே" என்றாள். நான் ரப்பரால் அழித்து, வலப்புறம் தள்ளி, மறுபடியும் எழுதினேன்.